இண்டக்‌ஷன் அடுப்பு: பாத்திரம் சுடட்டும், அடுப்பு சுட வேண்டாம்

சிலிண்டர் தீர்ந்தால் கைகொடுக்கட்டும் என்று வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு, பல வீடுகளில் தினமும் பாலும் குழம்பும் கொதிக்கும் அடுப்பாகிவிட்டது. நெருப்பு கண்ணில் படாததால், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. கேஸ் அடுப்பைவிடச் சில விஷயங்களில் இது பாதுகாப்பானதுதான். ஆனால் இதற்கென்று தனி ஆபத்துகள் உண்டு. அவை பெரும்பாலும் கண்ணாடிக்கு மேலே தெரிவதில்லை. சுவரில் உள்ள பிளக் பாயிண்டிலும், அடுப்புக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளிலும் இருக்கின்றன.

மேலே தெரியும் கண்ணாடிப் பலகைக்குக் கீழே செம்புக் கம்பியைத் தட்டையாகச் சுற்றிய சுருள் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரத்தை அடுப்பின் சர்க்யூட் நொடிக்கு 20,000 தடவைக்கும் மேல் அதிரும் மின்னோட்டமாக மாற்றி அந்தச் சுருளில் விடுகிறது. சுருளைச் சுற்றி அதே வேகத்தில் மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அந்தப் புலத்துக்குள் இரும்பு அடியுள்ள பாத்திரத்தை வைத்தால், அதன் அடிப்பகுதிக்குள்ளேயே மின்னோட்டம் சுழலத் தொடங்கும். இரும்பு அதைத் தடுக்கும். அந்தத் தடையே சூடாகிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் அடிப்படை.

சூடு பிறப்பது பாத்திரத்தில் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கண்ணாடி சுடுவது பாத்திரம் மேலிருந்து சுடுவதால்தான். அடுப்பைப் பொறுத்தவரை சூடு என்பது எதிரி. வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருளிலும் சர்க்யூட்டிலும் வீணாகிச் சூடாகிறது. 2000 வாட் அடுப்பில் அது 200 வாட். ஒரு சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு சூட்டை வைத்துக்கொண்டு எலக்ட்ரானிக் சாமான்கள் பிழைக்க முடியாது. அதனால்தான் உள்ளே ஃபேன் ஓயாமல் சுற்றுகிறது.

பிளக் பாயிண்டிலிருந்து தொடங்குங்கள்

2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸியும் டிவியும் செருகும் சின்ன பாயிண்ட், பேச்சுவழக்கில் ஐந்து ஆம்பியர் என்போமே, அது 6 ஆம்பியருக்கு உரியது. அடுப்புக்கு வேண்டியது 16 ஆம்பியர் பவர் பிளக். அந்த பாயிண்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும், அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. 16 அல்லது 20 ஆம்பியரிலும் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பெரிய சாக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே பழைய மெல்லிய வயரையே விட்டிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எலக்ட்ரீஷியனை அழைத்து சாக்கெட்டைக் கழற்றி வயரைப் பார்க்கச் சொல்வதில் தப்பே இல்லை.

அடுப்பின் பெரிய பின் சின்ன சாக்கெட்டில் நுழையாது. உடனே கடையில் ஒரு கன்வர்ட்டர் பின் வாங்கிவிடுவோம். வீடுகளில் பிளக் கருகுவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அதே வகைதான். அதன் உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தால் பின்னை இறுகப் பிடிக்காது. பிடி தளர்ந்த இடத்தில் 0.2 ஓம் தடை இருந்தாலே போதும், 8.7 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் 15 வாட் சூடு எழும். சாலிடரிங் அயர்ன் ஒன்றைப் பிளாஸ்டிக்குக்குள் சொருகிவைத்த மாதிரி. எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது. மின்னோட்டம் அளவோடுதான் ஓடுகிறது, அது ஏன் விழப்போகிறது?

சோதித்துப் பார்ப்பது எளிது. பதினைந்து நிமிடம் முழு பவரில் சமைத்த பிறகு சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைப் பிளாஸ்டிக் பகுதியில் பிடித்துக் கழற்றுங்கள். பின்களைத் தொட வேண்டாம், பிளக்கின் பிளாஸ்டிக் உடலை மட்டும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு, சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு நிறம், கருகிய மீன் போன்ற வாடை, பின் மேல் கறுப்புப் புள்ளி, இவற்றில் ஒன்று இருந்தாலும் சாக்கெட்டை மாற்றும்வரை அடுப்பைத் தொடாதீர்கள். கருகிய பின்னைப் புது சாக்கெட்டில் சொருகினால் புது சாக்கெட்டும் சீக்கிரமே கருகும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பாத்திரத்தைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்று லேசாகப் பிடிக்கிறது என்று சிலர் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது எர்த். மூன்றாவது பின்னுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாத சாக்கெட்டுகள் நிறைய இருக்கின்றன. செருப்பு போட்டுக்கொண்டு சமைப்பது இதற்குத் தீர்வாகாது. எர்த்தைச் சரிசெய்து, மின்கசிவு இருந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வீட்டுக்குப் போட்டுவிடுவது நல்லது.

கெய்சரோ மைக்ரோவேவோ அதே லைனில் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள். வீட்டு இன்வெர்ட்டரில் அடுப்பைப் போடும் எண்ணமும் வேண்டாம். விளக்கு, ஃபேனுக்கு வாங்கிய 900 வி.ஏ. இன்வெர்ட்டர் இதைத் தாங்காது.

எந்தப் பாத்திரம் வேலை செய்யும்

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் வையுங்கள். இறுகப் பிடித்தால் சரி. தொட்டதும் நழுவினால் சூடாகும், ஆனால் அரைகுறையாக. பிடிக்கவே இல்லையென்றால் அடுப்பு பீப் அடித்துவிட்டு நின்றுவிடும்.

அலுமினியம், இண்டாலியம், பித்தளை, செம்பு, ஈயச்சொம்பு, மண்சட்டி எதுவும் ஆகாது. குழப்பம் எவர்சில்வரில்தான். வீட்டில் இருக்கும் எவர்சில்வர் பாத்திரங்களில் பல 304 வகை. அதில் நிக்கல் சேர்ந்திருப்பதால் காந்தம் பிடிக்காது. 430 வகையில் பிடிக்கும். ட்ரைப்ளை பாத்திரங்களில் உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430 என்று மூன்று அடுக்கு இருக்கும். விலை அதிகம்தான், ஆனால் சூடு சமமாகப் பரவும், அடிப்பிடிப்பது குறையும். குக்கர் புதிதாக வாங்கும்போது 'இண்டக்‌ஷன் பேஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

காந்தம் பிடிக்காத பாத்திரத்துக்கு அடியில் வைக்க இரும்புத் தட்டு ஒன்று விற்கிறார்கள். வாங்காதீர்கள். தட்டுதான் சூடாகும், பாத்திரத்துக்குப் போகும் சூடு மந்தமாக இருக்கும். அதற்குள் தட்டு கண்ணாடியைப் பொசுக்கும். எல்லாப் பாத்திரத்தையும் வைக்க வேண்டும் என்றால் வாங்க வேண்டியது இன்ஃப்ராரெட் அடுப்பு. கண்ணாடிக்குக் கீழே சிவப்பாக ஒளிரும் அது வேறு சாதனம். அதில் கண்ணாடியே பழுக்கச் சூடாகும்.

அடி தட்டையாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சுருளின் நடுவில், கண்ணாடியை அடியிலிருந்து தொட்டபடி, சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு வெப்ப சென்சார் இருக்கிறது. பாத்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதை அது நேரடியாகப் பார்ப்பதில்லை. கண்ணாடி வழியே கீழிறங்கும் சூட்டை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. அடி உள்வாங்கி வளைந்த பாத்திரத்தில், சரியாகச் சென்சாருக்கு மேலே காற்று இடைவெளி விழுந்துவிடும். பாத்திரம் 300 டிகிரியைத் தொட்டாலும் சென்சாருக்கு அது தாமதமாகத்தான் எட்டும். தானாக அணைய வேண்டிய அடுப்பு அணையாது. அதனால் அடி வளைந்த வாணலியை இண்டக்‌ஷனில் வைக்காதீர்கள். அளவில் 12 செ.மீ.க்குக் குறைந்த அடியுள்ள தாளிப்புக் கரண்டியையும் டம்ளரையும் பல அடுப்புகள் கண்டுகொள்வதே இல்லை.

தாளிப்பு, பால், தோசை

கேஸில் பழகிய கைக்கு இண்டக்‌ஷனில் முதலில் தவறுவது தாளிப்பு. கணக்கைப் பாருங்கள்: ஒரு கிலோ எடையுள்ள இரும்புச்சட்டி முழு பவரில் நொடிக்கு ஏறக்குறைய 4 டிகிரி ஏறும். ஒரு நிமிடத்தில் 240 டிகிரி கூடிவிடும். மெல்லிய வாணலி என்றால் அதில் பாதி நேரம்தான். இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டுவிட்டுக் கடுகு டப்பாவைத் தேடித் திரும்புவதற்குள் புகையும். நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும் என்பதால் காலி நான்ஸ்டிக் சட்டியை முழு பவரில் வைக்கவே கூடாது. தாளிப்புக்கு 600 முதல் 800 வாட் போதும். கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்த பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

நெருப்பே இல்லாத அடுப்பிலும் எண்ணெய் தீப்பிடிக்கும். பிடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியைத் தட்டால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றுவதோ, எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதோ கூடாது.

சிம்மில் வைப்பது என்பது இங்கே வேறு கதை. சாதாரண டேபிள்டாப் அடுப்புகளால் 800 வாட்டுக்குக் கீழே தொடர்ந்து ஓட முடிவதில்லை. சில நொடி முழுதாக ஓடி, சில நொடி நின்று, சராசரியில் 300 வாட் என்று காட்டும். பால் பொங்கி, அடங்கி, மறுபடி பொங்குவது இதனால்தான். அடுப்பில் கோளாறு ஒன்றுமில்லை. பாலை 800 அல்லது 1000 வாட்டில் வைத்து இடையிடையே கிளறிவிட்டால் அடிப்பிடிக்காது. முழு பவரில் வைத்தால் ஓரம் ஆறியிருக்கும்போதே அடி கருகும்.

தோசைக்கல்லில் நடுவில் மட்டும் சிவந்து ஓரம் வெள்ளையாக வருவதற்கும் காரணம் இருக்கிறது. சுருளின் அகலம் 15 முதல் 18 செ.மீ. வரைதான், அதற்கு வெளியே நேரடியாகச் சூடு உண்டாகாது. 30 செ.மீ. கல்லில் ஓரம் சூடாக வேண்டுமென்றால் நடுவிலிருந்து சூடு பரவி வர நேரம் கொடுக்க வேண்டும். 600 வாட்டில் நான்கைந்து நிமிடம் காயவிட்டு, பிறகு 1000க்கு ஏற்றி வார்த்துப் பாருங்கள். எடுத்த எடுப்பில் 2000இல் வைத்தால் வார்ப்பிரும்புக் கல் விரிசல் விடவும் செய்யும். பத்துப் பேருக்குத் தோசை வார்க்க வேண்டுமென்றால் கேஸ்தான் சரி; இதில் பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

குக்கரில் விசில் சீக்கிரம் வரும். முதல் விசில் வந்ததும் 400 முதல் 600 வாட்டுக்கு இறக்கிவிடலாம். பருப்பு வைக்கும்போது பாதிக்கு மேல் நிரப்பாமல், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வையுங்கள். விசிலோடு பீறிடும் பருப்புத் தண்ணீர் டச் பேனல் ஓரமாக உள்ளே இறங்குவது இந்த அடுப்புகளுக்கு வரும் பெரிய வியாதி.

காற்றுக்கு வழி

அடுப்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வட்டமாக ஜன்னல் போன்ற துளைகள் தெரியும். ஃபேன் அந்த வழியாகக் காற்றை இழுத்துப் பின்பக்கமாக வெளியே தள்ளுகிறது. மேடை அழுக்காகாமல் இருக்க அடியில் நியூஸ்பேப்பர் விரிப்பது நம் வழக்கம். ஃபேன் இழுக்கும் இழுப்பில் பேப்பர் எழும்பித் துளையில் ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் உள்ளே காற்றே போகாது. துணியும் பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படியே. வெறும் கிரானைட் மேடையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு பக்கமும் நாலு விரல்கடை இடம் விட்டு வையுங்கள். கேஸ் அடுப்பின் மேல் தூக்கி வைப்பது இரண்டு விதத்தில் தப்பு: அது ஆடும், கூடவே, பர்னர் மேல் உள்ள இரும்புத் தாங்கிகள் காந்தப்புலத்தில் சூடாகலாம். எரியும் கேஸ் பர்னருக்குப் பக்கத்தில் வைத்தால் அடுப்பு சூடான காற்றையே இழுக்கும்.

சமைத்து முடித்ததும் சுவர் சுவிட்சை உடனே தட்டிவிடாதீர்கள். முதலில் அடுப்பின் பொத்தானை அணையுங்கள். ஃபேன் இன்னும் ஓரிரு நிமிடம் சுற்றும். அது நின்ற பிறகுதான் சுவர் சுவிட்ச். மின்சாரம் பாதியில் போனால் ஃபேனும் நின்றுவிடும் என்பதால், கொதிக்கும் பாத்திரத்தை உடனே இறக்கி வேறிடத்தில் வைப்பது நல்லது. பாத்திரத்தின் சூடு அப்படியே கீழே இறங்கிச் சுருளை வாட்டும்.

துளைகளுக்கு மாதம் ஒருமுறை பழைய டூத் பிரஷ் போதும். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி படிந்து கம்பளி மாதிரி திரண்டிருக்கும். இதைவிடத் தொல்லை கரப்பான்பூச்சி. வெதுவெதுப்பு, இருட்டு, சாப்பாட்டு வாசனை மூன்றும் கிடைக்கும் இடம் அதற்கு அரண்மனை. சர்க்யூட் போர்டில் அது ஏறி நின்று ஷார்ட் ஆனால், ஐ.ஜி.பி.டி. என்ற முக்கியமான டிரான்சிஸ்டரும் ஃபியூஸும் சேர்ந்து போகும். பல நாள் பயன்படுத்தாத அடுப்பை மேடையில் விடாமல், காய்ந்த துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

கண்ணாடி

துடைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றி, கண்ணாடி ஆறும்வரை காத்திருங்கள். ஈரத்துணியைப் பிழிந்து, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டுத் துடைத்தாலே பெரும்பாலான கறை போய்விடும். காய்ந்து பிடித்ததற்குச் சோடா உப்பைக் குழைத்துத் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். போர்த் தண்ணீரின் வெள்ளைத் திட்டுகளுக்கு எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர். கம்பி நார், சபீனா போன்ற பொடி இரண்டும் வேண்டாம். கீறல் விழுந்த இடத்தில் அழுக்கு இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

ஆறவிட வேண்டும் என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு: பாயசம், வெல்லப்பாகு, ஜாம். சர்க்கரை கண்ணாடியில் இறுகி ஆறினால் உரித்தெடுக்கும்போது கண்ணாடியின் மேற்பரப்பும் சேர்ந்து பெயரலாம். பாகு வழிந்தால் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இறக்கி, சூடு இருக்கும்போதே மரக்கரண்டியால் வழித்துவிடுங்கள். கை கண்ணாடியில் படாமல் கவனம்.

கேஸிலும் வைக்கும் பாத்திரத்தின் அடிக்கரி கண்ணாடியில் சுட்டுப் பதியும். அதனால் அடியைத் துடைத்து, ஈரமில்லாமல் வையுங்கள். அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகிப் பாத்திரத்தைத் தடதடவென்று ஆட்டும். வார்ப்பிரும்பை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

முடி அளவு விரிசல் விழுந்தாலும் அந்த அடுப்பு அன்றோடு நிற்க வேண்டும். கண்ணாடிக்குக் கீழே உள்ள சுருளில் மின்சாரம் ஓடுகிறது. விரிசல் வழியாக ரசம் இறங்கினால் அந்த ஈரமே ஷாக் அடிக்கும் பாதையாகும். செலோ டேப் ஒட்டிச் சமைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

ஸ்பூன், கத்தி, அலுமினியத் தாள் எதையும் கண்ணாடி மேல் வைக்கும் பழக்கம் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஓடும் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பதும், தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வதும் நல்லது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

ஓடவில்லை என்றால்

ரீங்காரமும் ஃபேன் சத்தமும் இயல்பானவை. அடுக்கு அடுக்காகச் செய்த பாத்திரங்கள் முழு பவரில் கொஞ்சம் கத்தும். திரையில் 'ஈ' எழுத்தோடு எண் ஒன்று மின்னினால் அது பிழைக் குறி. எண்ணின் பொருள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் காரணங்கள் பெரும்பாலும் நான்குதான்: பாத்திரம் பொருந்தவில்லை, வோல்டேஜ் குறைவு அல்லது அதிகம், உள்ளே சூடு ஏறிவிட்டது, சென்சார் அறுந்துவிட்டது. முதல் மூன்றை வீட்டிலேயே பார்க்கலாம். பாத்திரத்தை மாற்றுங்கள், மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊரென்றால் அரை மணி கழித்துப் போடுங்கள், ஃபேன் சுற்றுகிறதா என்று பின்பக்கம் கை வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள். ஃபேன் சுற்றாத அடுப்பை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது.

சுவிட்ச் போட்டதும் டப் என்ற சத்தத்தோடு செத்துவிட்டால் நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் சிறிது நேரம் அது இருக்கும். ஃபியூஸை மட்டும் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் மறுபடி அதே டப் சத்தம்தான், ஏனென்றால் ஃபியூஸ் போவது ஐ.ஜி.பி.டி. ஷார்ட் ஆனதால். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது ஐ.ஜி.பி.டி., ஏ.சி.யை டி.சி.யாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், ஃபியூஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐ.ஜி.பி.டி.க்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்குக்கும் நடுவில் புதிதாகத் தெர்மல் பேஸ்ட் தடவச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு நேராக லைனில் போடாமல், முதலில் 100 வாட் குண்டு பல்பை சீரியஸில் போட்டுச் சோதிப்பவர் வேலை தெரிந்தவர்: பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இன்னும் தீரவில்லை, ஒருகணம் மின்னி மங்கினால் அடுப்பை நேராக லைனில் போட்டுப் பார்க்கலாம்.